காதைக் குத்தும் ஸ்டீரியோவை ஸ்பீக்கர் வயர் அடக்குமா?

ஸ்டீரியோ தெளிவாகத்தான் பாடுகிறது. ஆனால் அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துப்போகிறது. பாடகியின் ‘ஸ’வும் ‘ஷ’வும் ஊசியாக இறங்குகின்றன, வயலின் கீச்சிடுகிறது, சிம்பல் ஒலி அடங்காமல் கரகரக்கிறது. ‘பிரைட்’டாக இருக்கிறது என்று ஒலிப்பிரியர்கள் சொல்வது இதைத்தான். இந்தத் தொல்லையை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் யோசனை, ஸ்பீக்கர் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்பது. வெள்ளி பூசிய வயரை எடுத்துவிட்டுச் செம்பு போடுங்கள், இன்ன கம்பெனி கேபிள் ‘வார்ம்’மாக இருக்கும், இன்னது டிரெபிளை, அதாவது உயர்ந்த சுரங்களின் ஒலியை, தணிக்கும் என்று பெயர்கள் வரிசையாக வரும்.

இந்த யோசனை ஏன் இவ்வளவு பிரபலம் என்பது புரிகிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றுவது பெரிய செலவு. ஸ்பீக்கரை மாற்றுவது அதைவிடப் பெரியது. அறையில் கை வைத்தால் வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும். வயரை மட்டும்தான் யாரையும் கேட்காமல் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் கேபிளால் டிரெபிளைக் குறைக்க முடிகிற அளவு மிகச் சிறியது. அப்படிக் குறைத்தாலும், அது மோசமான வயராக இருப்பதால்தான் குறைக்கிறது. பல நேரம் குறைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைக் குறைத்துவைக்கிறது. எண்களைப் பார்த்தால் இது விளங்கும்.

குத்துவது எந்த இடம்?

பிரைட் என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தூக்கலாக இருந்தால் குரல் முகத்துக்கு நேரே வந்து கத்துவதுபோல இருக்கும். ஒலி கடினமாக, தகரத்தன்மையோடு கேட்கும். 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை தூக்கலாக இருந்தால் ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ எழுத்துகள் சீறும். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தூக்கலாக இருந்தால் சிம்பலின் வாலும், பதிவில் இருக்கும் இரைச்சலும் அதிகம் தெரியும். ஆனால் அது காதை அவ்வளவாக வருத்தாது. எது நம் வீட்டில் நடக்கிறது என்று தெரியாமல் மருந்து தேடுவது வீண்.

நம் காது எல்லா அலைவரிசையையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. காதுக் குழாயின் நீளம் காரணமாக 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு ஒத்ததிர்வு உண்டாகிறது. அதனால் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் காது மிகக் கூர்மையாக இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933ல் வெளியிட்ட சம ஒலியுணர்வு வளைவுகள் இதைத்தான் முதன்முதலில் விரிவாக அளந்து காட்டின. இந்தப் பகுதியில் 2 டெசிபல் ஏறினாலே நெடுநேரம் கேட்கச் சிரமமாகிவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சோதித்துவிட வேண்டும். வால்யூமைக் கூட்டும்போது மட்டும் குத்துகிறதா? அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை முட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். அலையின் உச்சி வெட்டப்படும்போது இல்லாத மேல்சுரங்கள் புதிதாக முளைத்து, உயர் ஒலிகளைப் பாடும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகின்றன. கேட்பவருக்கு அது டிரெபிள் கூடியதாகவே தெரியும். 10 டெசிபல் கூடுதல் சத்தத்துக்குப் பத்து மடங்கு வாட் தேவை என்பதால், சிறிய ஆம்பும் குறைந்த உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரும் சேர்ந்தால் இது எளிதில் நடந்துவிடும். அடுத்து, எல்லாப் பதிவுகளிலும் குத்துகிறதா, சிலவற்றில் மட்டுமா? சிலவற்றில் மட்டும் என்றால் அது அந்தப் பதிவைத் தயாரித்தவர்களின் முடிவு. உங்கள் கருவிகள் அதை உள்ளபடி சொல்கின்றன, அவ்வளவுதான்.

வயருக்குள் நடப்பது

ஸ்பீக்கர் கேபிளின் மின்குணங்கள் மூன்று: மின்தடை, மின்தூண்டல், மின்தேக்கம். ஒலியை மாற்றுவதாக இருந்தால் இந்த மூன்றின் வழியாகத்தான் மாற்ற வேண்டும்.

மின்தடையில் தொடங்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.007 ஓம். ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் மின்னோட்டம் போய்த் திரும்ப 6 மீட்டர், மொத்தம் 0.04 ஓம் சொச்சம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் இழப்பு 0.05 டெசிபலுக்கும் குறைவு. அதுவும் எல்லா அலைவரிசையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதைக் காதால் பிடிக்க வழியில்லை.

இப்போது வேண்டுமென்றே மோசமான வயரை எடுத்துக்கொள்வோம். 0.75 சதுர மில்லிமீட்டர், 10 மீட்டர் நீளம். போக வர மின்தடை 0.46 ஓம் ஆகிறது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, ஏனென்றால் ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருப்பது ஓர் அடையாள எண் மட்டும்தான். உண்மையில் அதன் மின்மறுப்பு, அதாவது இம்பிடன்ஸ், அலைவரிசைக்கு ஏற்ப ஏறி இறங்கும். சாதாரண இரண்டு வழி ஸ்பீக்கரில், தாழ்ந்த ஒலிகள் இருக்கும் பேஸ் பகுதியின் ஒத்ததிர்வில் ஒரு மேடு இருக்கும். 200 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம், சில ஸ்பீக்கர்களில் 3.5 ஓம் வரைகூட இறங்கும். அப்புறம், கீழ் ஒலிகளைப் பாடும் ஊஃபரும் ட்வீட்டரும் கைமாறும் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மறுபடி ஒரு மேடு, அது 20 ஓம் வரை போகலாம். மெல்லிய வயரின் 0.46 ஓம் அந்தப் பள்ளத்தில் 1 டெசிபலுக்குச் சற்று மேலாகவே தின்றுவிடும். மேட்டில் 0.2 டெசிபல்தான் தின்னும். ஒலிக்குக் கதகதப்பும் உடம்பும் தருவது 200 ஹெர்ட்ஸ் பகுதி. காதைக் குத்துவது 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதி. மெல்லிய வயர் முதலாவதைக் குறைத்து, இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறது. ஒலியைத் தணிக்கப் போட்ட வயர் அதை இன்னும் வெளிறவைக்கிறது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மேடு பள்ளம் வேறுபடுவதால், ஒருவர் வீட்டில் ‘வார்ம்’மாக இருந்த வயர் இன்னொருவர் வீட்டில் அப்படி இல்லாமல் போவதற்கும் இதுவே காரணம்.

வெற்றிடக் குழல் (வால்வு) ஆம்ப்ளிஃபயர்களின் தனிக்குணத்திலும் இதே கணக்கு இருக்கிறது. அவற்றின் வெளியீட்டு மின்மறுப்பு 1, 2 ஓம் என்ற அளவில் இருக்கும், ஒழுங்கான கேபிளைப்போலப் பல பத்து மடங்கு. ஸ்பீக்கரின் மேடு பள்ளங்கள் அதனால் ஒலியிலேயே பதிந்துவிடுகின்றன. ஆம்ப் மாற்றியதும் குணம் மாறியதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

அடுத்தது மின்தூண்டல். இந்த மூன்றில் டிரெபிளை மட்டும் குறிவைத்துக் குறைக்கக்கூடியது இதுதான். அதனால் ‘மென்மையான’ கேபிள் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அது இதன் வழியாகத்தான் இருக்க வேண்டும். பக்கம் பக்கமாக ஓடும் சாதாரண இரட்டை வயரில் மீட்டருக்கு 0.6 முதல் 0.7 மைக்ரோஹென்றி. 3 மீட்டருக்கு 2 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொண்டால், 4 ஓம் சுமையில் 20 கிலோஹெர்ட்ஸில் 0.02 டெசிபல் குறையும். 10 மீட்டர் போனால் அதே இடத்தில் 0.2 டெசிபல். 8 ஓம் சுமையில் 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் குறைக்க வேண்டுமென்றால் 65 மைக்ரோஹென்றி வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 100 மீட்டர் வயரை நேராக நீட்டிப் போட வேண்டியிருக்கும்.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருப்பதோடு ஒப்பிட்டால் இந்த அளவுகள் இன்னும் தெளிவாகும். பல ட்வீட்டர்களின் குரல்சுருளிலேயே சில பத்து மைக்ரோஹென்றி இருக்கிறது. ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றில், ஊஃபருக்கு முன்னால் இருக்கும் சுருள் பல மீட்டர் செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்தது. அதன் மின்தடை மட்டும் 0.2, 0.3 ஓம் இருப்பது சர்வசாதாரணம். ஆம்பிலிருந்து வரும் 3 மீட்டர் இதற்கெல்லாம் முன்னால் ஓர் ஓரத்தில் நிற்கிறது. 1991ல் ஃபிரெட் டேவிஸ் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில், கேபிளும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்து எழுதினார். மின்தூண்டல் குறைந்த கேபிள்களே நன்றாகச் செயல்பட்டன என்பது அவர் கண்டது. அதாவது நல்ல கேபிள் என்றால் டிரெபிளைத் தொடாத கேபிள்.

மின்தேக்கம் வேறு மாதிரி. சாதாரண வயரில் 3 மீட்டருக்கு 200, 300 பிகோஃபாரட் இருக்கும். 20 கிலோஹெர்ட்ஸில்கூட அதன் மின்மறுப்பு 25,000 ஓமுக்கு மேல். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் பின்னல் போட்ட கேபிள்களிலும், தட்டையான பட்டைகளை நெருக்கி ஒட்டிய கேபிள்களிலும் மின்தேக்கம் பல மடங்கு ஏறும். அதைச் சில ஆம்ப்ளிஃபயர்களால் தாங்க முடியாது. காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் அவை தாமாகவே அலைவுற ஆரம்பித்து, சூடாகி, கேட்கும் பகுதியிலும் கரகரப்பை உண்டாக்கலாம். இதைத் தடுக்கத்தான் பெரும்பாலான ஆம்புகளின் வெளியீட்டில் ஒரு சிறு சுருளை வைக்கிறார்கள். நெய்ம் நிறுவனத்தின் ஆம்புகளில் வழக்கமாக அந்தச் சுருள் இருக்காது. கேபிளின் மின்தூண்டலே அந்த வேலையைச் செய்யட்டும் என்று, குறைந்தது 3.5 மீட்டர் நீளமாவது போடச் சொல்வார்கள். ஸ்பீக்கர் வயரை மாற்றியதும் பிரைட்னஸ் உண்மையாகவே குறைந்த சில நிகழ்வுகளுக்கு இது ஒரு நேர்மையான விளக்கம்: பழைய கேபிள் ஆம்பைத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தது, புதியது அதை விட்டுவிட்டது.

செம்பா வெள்ளியா என்ற சண்டையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வெள்ளியின் மின்தடை செம்பைவிட ஐந்தாறு சதவீதம்தான் குறைவு. செம்பு வயரைக் கொஞ்சம் தடிமனாக எடுத்தால் அந்த வித்தியாசம் போய்விட்டது. வெள்ளி டிரெபிளைக் கூட்டும், செம்பு தணிக்கும் என்பதற்கு மின்னியலில் இடமே இல்லை. 99.99 சதவீதத் தூய்மைக்குப் பின்னால் எத்தனை ஒன்பது சேர்த்தாலும் அப்படித்தான். உயர் அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் வெளித்தோலை நாடுவதும் உண்மைதான். 20 கிலோஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஏற்கெனவே 0.04 ஓமாக இருக்கும் தடை கொஞ்சம் கூடினால் ஒலியில் என்ன ஆகிவிடும்?

சில விலையுயர்ந்த கேபிள்களின் நடுவே ஒரு சிறு பெட்டி தொங்கும். அதற்குள் சுருளோ மின்தேக்கியோ இருந்தால் அது நிச்சயம் ஒலியை மாற்ற முடியும். ஆனால் அப்போது நாம் வாங்குவது கேபிள் இல்லை, வளைவு என்னவென்று சொல்லப்படாத ஒரு ஃபில்டர். ஃபில்டர்தான் வேண்டுமென்றால் அளவு தெரிந்த ஃபில்டரை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

டிரெபிளை உண்மையாகவே மாற்றும் ஒரு கேபிள் உண்டு. அது இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளிலிருந்து, அதன் நுண்ணிய சைகையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்புக்குப் போகும் வயர். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் மூவிங் மேக்னெட் வகையின் சுருளில் அரை ஹென்றி அளவு மின்தூண்டல் இருப்பது சகஜம். அது வயரின் மின்தேக்கத்தோடும் ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்தேக்கத்தோடும் சேர்ந்து ஒத்ததிர்கிறது. மொத்தம் 250 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 14 கிலோஹெர்ட்ஸில் விழும். 500 ஆனால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, காதுக்கு நன்றாகக் கேட்கிற இடத்தில் ஒரு மேடு போட்டுவிடும். இசைத்தட்டு கேட்கும்போது மட்டும் குத்துகிறது என்பவர்கள் ஸ்பீக்கர் வயரை விட்டுவிட்டு, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் எத்தனை பிகோஃபாரட் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த வயரில் ஒரு மீட்டரைக் குறைப்பதுகூடக் கேட்கும்படியான மாற்றத்தைத் தரலாம்.

ஆனால் மாற்றம் கேட்டதே?

கேபிள் மாற்றியதும் ஒலி தணிந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது உண்மையான அனுபவம். காரணத்தை மட்டும் வேறு இடத்தில் தேட வேண்டும்.

பழைய வயரைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது, மங்கிக் கறுத்த முனைகளுக்குப் பதிலாகப் பளிச்சென்ற முனைகள் வருகின்றன. தளர்ந்திருந்த திருகு இறுக்கப்படுகிறது. கெட்ட தொடுமுனை ஓர் ஓமுக்கு மேல்கூடத் தடை வைத்திருக்கலாம், அந்தத் தடையும் நிலையாக இராது. இந்த மாற்றம் கேட்கத்தான் செய்யும். இதற்குப் புது கேபிள் தேவையில்லை, துடைத்து இறுக்கினால் போதும்.

வயர் மாட்டக் குனியும்போது ஸ்பீக்கரும் நகர்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர். ஸ்பீக்கர் சில டிகிரி திரும்பினாலோ, நாற்காலியில் தலை ஒரு கையகலம் நகர்ந்தாலோ, காதில் விழும் டிரெபிள் சில டெசிபல் மாறிவிடும். மேலே கேபிளுக்குக் கண்ட 0.02 டெசிபலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், எதிர்பார்ப்பு. 1994ல் ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே கேட்பவர்கள் அதே ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணால் பார்த்தபடியும், இன்னொரு முறை திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். பார்த்துக் கேட்டபோது போட்ட மதிப்பெண்கள் மறைத்துக் கேட்டபோது மாறிப்போயின. ஸ்பீக்கர் என்பது ஒலி வித்தியாசம் தாராளமாக உள்ள பொருள். அதிலேயே கண் இவ்வளவு குறுக்கிடுகிறது என்றால், வித்தியாசம் கடுகளவும் இல்லாத கேபிளில் சொல்லவே வேண்டாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, மனித மூளை எல்லோருக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. கேபிளை ஒப்பிட்டுப் பார்க்க ஆசையா? ஒலி அளவை இரண்டிலும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்கி, எந்த வயர் ஓடுகிறது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அறைதான் பெரிய ஆள்

பிரைட்டாகக் கேட்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பகுதி உண்மையில் பிரைட்டான அறைகள். பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல், நடுவே ஒரு கண்ணாடி மேசை. ட்வீட்டர் ஒருமுறை சொல்வதை இந்தப் பரப்புகள் பலமுறை திருப்பிச் சொல்கின்றன.

இதை முதன்முதலில் அளந்து விதியாக்கியவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சாபின். 1895ல், பேச்சே புரியாமல் எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே ஓர் ஒலி அடங்க 5 விநாடிக்கு மேல் ஆனது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து கூடத்தில் அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் கிடைக்கும்.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 60 கன மீட்டர். வெற்றுச் சுவரும் தரையும் கொஞ்சம் மரச்சாமானும் சேர்ந்து 8 சதுர மீட்டர் உறிஞ்சுகின்றன என்றால் எதிரொலி நேரம் 1.2 விநாடி. இசை கேட்கும் வீட்டு அறைக்கு 0.3 முதல் 0.5 விநாடி நல்லது. ஒரு தடித்த கம்பளம், துணி உறை போட்ட ஒரு சோஃபா, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை, இவை சேர்ந்து உயர் அலைவரிசையில் 13 சதுர மீட்டர் உறிஞ்சலைக் கூட்டினால் நேரம் 0.46க்கு இறங்கிவிடும். எந்த வயரும் இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் எதைப் போடுகிறோம் என்பது முக்கியம். மெல்லிய துணித் திரையும் மெல்லிய விரிப்பும் மிக உயர்ந்த டிரெபிளை மட்டும் தின்னும். குத்துகிற 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதி அப்படியே நிற்கும். அறை மந்தமாகவும் கடினமாகவும் ஒருசேரக் கேட்கும். 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள பஞ்சுப் பலகையோ ராக்வூல் பலகையோ வைத்தால்தான் அந்தப் பகுதியில் ஒழுங்காக வேலை நடக்கும். 10 சென்டிமீட்டர் என்றால் இன்னும் கீழே வரை பிடிக்கும். எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். கேட்கும் இடத்தில் நீங்கள் உட்கார, இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். ட்வீட்டர் எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கிருந்துதான் முதல் எதிரொலி உங்கள் காதுக்கு வருகிறது. தரைக்கும் இதையே செய்யலாம். பெரும்பாலும் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில், கம்பளம் போட வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்துவிடும். நாற்காலிக்குப் பின்னால் வெற்றுச் சுவர் தலையை ஒட்டி இருந்தால், நாற்காலியை அரை மீட்டர் முன்னால் இழுப்பது மட்டுமே நல்ல பலன் தரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் டோம் ட்வீட்டர் 10 கிலோஹெர்ட்ஸை நெருங்கும்போது ஒலியை நேர்முகமாகக் குவிக்கத் தொடங்குகிறது. பக்கவாட்டில் போகப் போக டிரெபிள் குறையும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் காதையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், அவற்றைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். அச்சு உங்கள் தோளுக்கு வெளியே போகட்டும். மேல் டிரெபிள் ஒன்றிரண்டு டெசிபல் இறங்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. சரியாக இல்லையென்றால் திரும்பப் பழைய நிலைக்கே கொண்டுவரலாம். முன்துணியைக் கழற்றி வைத்திருப்பவர்கள் அதை மாட்டியும் ஒருமுறை கேட்கலாம்.

டிரெபிளை நேராகவே குறைப்பது

டோன் கன்ட்ரோலைத் தொடுவது பாவம் என்று ஒரு நம்பிக்கை ஒலிப்பிரியர்களிடையே வேரூன்றிவிட்டது. டிரெபிள் குமிழைத் திருப்பக் கூசுகிறவர்கள், டிரெபிளைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் வயரைத் தயக்கமில்லாமல் வாங்குகிறார்கள். இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பீட்டர் பாக்ஸண்டால் 1952ல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட டோன் கன்ட்ரோல் சுற்று, அப்புறம் வந்த எண்ணற்ற ஆம்புகளில் இடம்பிடித்தது. நடுவில் வைத்தால் சமமாகவும், திருப்பினால் மெதுவான சரிவாகவும் வேலை செய்யும். எவ்வளவு குறைக்கிறோம் என்பது நம் கையில். வேண்டாத பாட்டுக்குத் திரும்ப நடுவில் வைத்துவிடலாம்.

ஸ்ட்ரீமரிலோ கணினியிலோ, எந்த அலைவரிசையை எவ்வளவு குறைப்பது என்று தேர்ந்தெடுக்கக்கூடிய பாராமெட்ரிக் ஈக்வலைசர் இருந்தால் இன்னும் நல்லது. அளவு மைக் ஒன்றும், ரூம் ஈக்யூ விஸார்ட் போன்ற இலவச மென்பொருளும் சேர்ந்தால் எந்த இடத்தில் மேடு என்பது திரையிலேயே தெரியும். அளந்ததும் வளைவை மேசை மாதிரி தட்டையாக்கத் துடிக்காதீர்கள். நல்ல ஸ்பீக்கர் ஓர் அறையில் ஒலிக்கும்போது, கேட்கும் இடத்தில் பேஸிலிருந்து டிரெபிளை நோக்கி வளைவு இயல்பாகவே சரியும். புரூல் அண்ட் கெயர் நிறுவனம் 1974லேயே இப்படிச் சரிந்து இறங்கும் வளைவைத்தான் பரிந்துரைத்தது. கேட்கும் இடத்தில் டிரெபிள் தட்டையாக அளவு காட்டினால், காதுக்கு அது பிரைட்டாகத்தான் இருக்கும்.

மின்னணு வழியும் வேண்டாம், ஒரு பொருளை மாட்டித்தான் தீர்க்க வேண்டும் என்றால் அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு ஜோடி முனைகள் இருந்து, அவற்றை உலோகப் பட்டைகள் இணைத்திருந்தால், ஆம்பிலிருந்து வரும் வயரைப் பேஸ் முனைகளில் மாட்டுங்கள். சிவப்பு முனைகளை இணைக்கும் பட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1 ஓம், 10 வாட் மின்தடையை வையுங்கள். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ட்வீட்டர் பகுதியின் மின்மறுப்பு 8 ஓம் அளவில் இருந்தால் டிரெபிள் ஒரு டெசிபல் இறங்கும். 0.5 ஓம் வைத்தால் அரை டெசிபல். கிராஸ்ஓவர் மிகச் சிறிதளவு நகரும், ஆனால் இந்த அளவுகளில் அது கவலைப்பட வேண்டியதல்ல. மேக்னபேன் நிறுவனம் தன் ஸ்பீக்கர்களோடு இதற்காகவே சிறு மின்தடைகளைச் சேர்த்துத் தந்திருக்கிறது. கிராஸ்ஓவருக்கு மேலே உள்ள பகுதி முழுவதும் ஒரே சீராக ஒரு டெசிபல் இறங்குவது காதுக்கு நன்றாகவே தெரியும். ‘மென்மையான’ கேபிள் தருவதாகச் சொல்லப்படும் பலன் இதுதான், அளவு தெரிந்து, பேஸைத் தொடாமல்.

கேபிள் வாங்கும்போது

ஒலியைத் தணிக்கும் வேலையை மேலே சொன்னவற்றிடம் ஒப்படைத்துவிட்டால், கேபிள் தேர்வு எளிதாகிவிடுகிறது. கேபிளின் மொத்தத் தடை, போக வரச் சேர்த்து, ஸ்பீக்கரின் மின்மறுப்பில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அந்தச் சதவீதத்தை ஸ்பீக்கரின் மிகக் குறைந்த மின்மறுப்பை வைத்துக் கணக்கிட்டால் இன்னும் பாதுகாப்பு. 5 மீட்டர் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். 10 மீட்டரைத் தொட்டால், அல்லது ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், 4 சதுர மில்லிமீட்டர். இரு கம்பிகளும் ஒன்றையொன்று ஒட்டி ஓடட்டும். தனித்தனியாகப் பிரித்து ஓட்டினால் மின்தூண்டல் கூடும்.

ஏமாற வாய்ப்புள்ள ஒரே இடம் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர். பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும், எடை குறைவாக இருக்கும், தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உறையில் முழுச் செம்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முனையைச் சீவினால் உள்ளே வெள்ளை நிறம் தெரிந்தால் அது அலுமினியம். செம்பின் மேல் பூசிய வெள்ளீயமோ வெள்ளியோகூட வெள்ளையாகத் தெரியும், ஆனால் கத்தியால் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். ஆம்பின் கையேடு குறைந்தபட்ச நீளம் என்றோ, மின்தேக்கம் கூடிய கேபிள் கூடாது என்றோ சொன்னால் அதை அப்படியே கடைப்பிடியுங்கள். மற்றபடி உறையின் நிறமும் அம்புக்குறியும் உங்கள் விருப்பம்.

மாட்டும்போது ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக் கூடாது. இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் கரைந்துபோய், மிச்சமிருக்கும் ஒலி மெலிந்து குத்துவதுபோலவே கேட்கும். ட்வீட்டரைக் குறை சொல்லும் முன் இந்த நான்கு முனைகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.